இருபத்து நான்கு என்று எழுதியவள்

பதினேழு மணி நேரம், நாற்பது நிமிடம். அந்த ஆட்டுத்தோல் துண்டு ஓவனுக்குள் இருந்தது அவ்வளவுதான். இருந்திருக்க வேண்டியது இருபத்து நான்கு மணி நேரம்.

கதவு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதை அந்த ஓவன் தானாகவே பதிந்து வைத்துக்கொள்ளும். வாங்கி நான்கு வருடமாகியும் அந்த வசதியை யாரும் தொட்டதில்லை. மூன்று மாதம் கழித்து, ஜூனில் ஒரு புதன்கிழமை, லேபின் பொறுப்பாளர் ஞானசீலன் அதை ஒரு தாளில் அச்செடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் ரெஜிஸ்டரைத் திறந்து வைத்தார்.

"மெஷின் சொல்லுது, வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு உள்ள வெச்ச பீசு, சனிக்கிழமை காலைல ஒம்பது நாப்பதுக்கு வெளிய வந்துடுச்சி. ரெஜிஸ்டர் சொல்லுது, வெள்ளிக்கிழமை காலைல ஒம்பது நாப்பதுக்கே உள்ள போய்டுச்சாம். மொத்தம் இருபத்தி நாலு மணி. நிமிஷம்கூடப் பிசகல. யார் எழுத்து இது?"

அவருக்குத் தெரியாமல் இல்லை. குண்டு குண்டாக, எழுத்துக்கு எழுத்து இடம்விட்டு எழுதுகிறவள் அந்த லேபில் ஒருத்திதான்.

"என்னுது சார்," என்றாள் எழிலரசி. அச்செடுத்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த இரண்டு நாளை மட்டும்தான் எடுத்திருந்தார்.

"ஓவன்லேர்ந்து எடுத்தது யாரு?"

எழில் சைராவைப் பார்த்தாள். லேபில் அவர்கள் இரண்டு பேர்தான். சைரா ஏழு வருடம் மூத்தவள், வேலையிலும் அவளுக்கு முன்னால் சேர்ந்தவள். இரண்டு வருடமாக ஒரே மேசை, ஒரே டிபன் பாக்ஸ் மூடியில் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். சைராவே சொல்லட்டும் என்று எழில் காத்திருந்தாள். சொல்லிவிடுவாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சைரா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"அன்னிக்கு நான் ஓவன் பக்கமே போகல சார். எழில்தான் பாத்துக்கிட்டா. பஸ்ஸுக்கு லேட்டாயிடும்னு எடுத்துட்டாளோ இன்னாவோ."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதுதான் எழிலுக்குப் பொறுக்கவில்லை. தடுமாறியாவது சொல்லியிருக்கலாம்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு சின்ன பாய் ரூமுக்கு மூணு பேரும் போகணும்," என்றார் ஞானசீலன். "யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லாம அவர் விடமாட்டார். யோசிச்சி வெச்சுக்கோங்க."

*

தோலைப் பதப்படுத்தக் குரோமியம் போடுகிறார்கள். போட்ட குரோமியம் நல்ல வகை. ஆனால் சூட்டிலும் காற்றிலும் நாளாக ஆக அதில் கொஞ்சம் கெட்ட வகையாக மாறிவிடும். காலில் பட்டால் தோல் வெந்து தடிக்கும். கப்பலில் கடல் தாண்டி, கடையில் மாதக்கணக்கில் கிடந்து, ஒருவர் காலுக்குப் போகும்போது அந்தத் தோல் எப்படியிருக்கும் என்று இங்கே ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் எண்பது டிகிரி ஓவனில் ஒரு முழு நாள். பிறகு துண்டை நறுக்கி மூன்று மணி நேரம் ஊறவைத்து, மருந்து சேர்த்தால் தண்ணீர் ரோஜா நிறமாகும். நிறம் கூடக்கூடக் கெட்டது கூடியிருக்கிறது என்று பொருள். கிலோவுக்கு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரக்கு போகலாம். மேலே போனால் போகக்கூடாது.

மார்ச் மாதத்துச் சரக்கு கறுப்பு லைனிங் தோல். பதினெட்டாயிரம் சதுர அடி. அந்த வெளிநாட்டு ஷூ கம்பெனியின் முதல் ஆர்டர் அது. சனிக்கிழமை இரண்டு மணிக்குள் கன்டெய்னர் கிளம்பினால்தான் துறைமுகத்தில் வாங்குவார்கள். ஆனால் சாம்பிள் லேபுக்கு வந்ததே வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு. எழில் நான்கு மணிக்கு ஓவனில் வைத்தாள்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கெல்லாம் துண்டுகள் குடுவையில் ஊறிக்கொண்டிருந்தன. ஒன்றேமுக்காலுக்கு இரண்டு புள்ளி எட்டு என்று வந்தது. வண்டி கிளம்பியது. லேபில் ரெஜிஸ்டரைக் கடைசியில்தான் எழுதுவார்கள். முடிவு வந்த பிறகு, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை ஒரே மூச்சில். எல்லா லேபிலும் அப்படித்தான் என்று எழில் நினைத்திருந்தாள். அப்படி எழுதும்போது நாலு மணி ஒன்பது நாற்பதாக மாறுவது பெரிய காரியமில்லை. பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை கம்பெனி முழுவதற்கும் பிரியாணி போட்டார்கள். சின்ன பாய் இஷ்தியாக் அகமது, முதலாளியின் இரண்டாவது மகன், லேப் வாசலுக்கே வந்து, "எழிலரசி யாரு? நீயாம்மா? உன் ரிப்போர்ட்டாலதான் வண்டி போச்சு. ஷாபாஷ்," என்றார். ஞானசீலன், "நம்ம டீம் பாய்," என்றார். சைரா, "நான் சொல்லிக் குடுத்தவதான் பாய்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எழிலும் சிரித்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளுக்கு வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. அதைக் கொண்டு வந்தபோது அவள் கையில் ரப்பர் கையுறை இருந்தது. கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரத்தை அவள் அதிகம் நினைப்பதில்லை.

இப்போது அந்தத் தோலில் தைத்த ஷூக்களை அங்கே சோதித்துவிட்டார்கள். ஐந்து புள்ளி இரண்டு. மொத்தச் சரக்கையும் ஒதுக்கிவிட்டு, இனி ஆர்டர் இல்லை என்று எழுதிவிட்டார்கள். தோலைப் போட்டுச் சுழற்றிப் பதப்படுத்தும் ஆறு டிரம்மில் இரண்டு ஓடவில்லை. தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டும் பகுதியில் பதினான்கு பெண்களைச் சொல்லியனுப்பும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

*

அந்தப் புதன்கிழமை மத்தியானம் சைரா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தராசு மேசைக்குப் போய்விட்டாள். எழில் சாப்பிடாமல் எழுந்து போய் அவள் எதிரில் நின்றாள்.

"ஏன்க்கா அப்பிடிச் சொன்ன?"

"எப்பிடி?"

"நீதான எடுத்த?"

சைரா சப்பாத்தியைப் பிய்த்தாள். "சார் போன் பண்ணாரு. பத்து மணிக்குள்ள எடுத்துடு, வண்டி நிக்குதுன்னாரு. எடுத்தேன். இப்ப அவரைக் கேட்டா சொன்னேன்னு சொல்லுவாரா? நேத்தே கேட்டேன் எழிலு. 'நான் சீக்கிரம் முடிங்கன்னு சொன்னேம்மா, எடுக்கச் சொல்லல'ன்றாரு. ஞாயித்துக்கிழமைன்னா சர்ச்சுல மொத வரிசைல நின்னு பாடுற மனுசன்."

"அவர் உன்ன மாட்டி விட்டா, நீ என்ன மாட்டி விடுவியா?"

"உனக்கு இன்னாடி. இருபத்தி நாலு வயசு, டிகிரி இருக்குது, ராணிப்பேட்டைல போய்க் கேட்டா நாளைக்கே வேலை. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. பிளஸ் டூவோட லேபுக்கு வந்தவ நான். இங்கேர்ந்து தொரத்துனா ஷூ கம்பெனில பசை தடவத்தான் போகணும்."

"அதுக்குன்னு? பஸ்ஸுக்காக எடுத்தேன்னு வேற சொல்ற."

"ஏதாவது சொல்லணும்ல." சைரா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "ரெஜிஸ்டர்ல எழுதுன்னு நான் உன் கையைப் புடிச்சனா?"

எழிலுக்கு இருமல் வந்தது. தண்ணீர்ப் பாட்டிலை சைராதான் நகர்த்தி வைத்தாள், பழக்கத்தில். எழில் அதைத் தொடவில்லை.

சாயங்காலம் கேட்டருகே அமிர்தவள்ளி நின்றிருந்தாள். அனுப்பப்பட்ட பதினான்கு பேரில் ஒருத்தி. மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்க வந்தவள்.

"இன்னாம்மா லேபு," என்றாள் எழிலைப் பார்த்து. "ஏசில உக்காந்து ஒரு துண்டுத் தோலை ஒழுங்காப் பாக்க முடியலயா உங்களுக்கு? நாங்க ஒரு நாளைக்கு நானூறு தோலு இழுத்துக் கட்டுறோம். ஒன்னு கிழிஞ்சா யாரு கிழிச்சதுன்னு அன்னிக்கே கண்டுபுடிச்சிடுவான் மேஸ்திரி. உங்களுக்கு மட்டும் மூணு மாசம் ஆவுதா?"

எழில் தலையைக் குனிந்துகொண்டு வேனில் ஏறினாள். 'நான் எடுக்கலக்கா' என்று சொல்ல நினைத்தாள். சொல்லியிருந்தால் அது உண்மையும்கூட.

*

மாதனூரில் இறங்கி, பஸ் மாறி, ஒடுகத்தூர் வந்து சேர ஏழேகால் ஆனது. அப்பா முனிரத்தினம் வேர்க்கடலை மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார். மலைப்பக்கம் மேகம் கட்டியிருந்தது. தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்தபடியே எழில் சொன்னாள். சைரா சொன்னதை, சார் சொன்னதை, நாளைக்கு விசாரணை என்பதை. எல்லாவற்றையும் அல்ல.

"அவ எடுத்து வெச்சா. நீ செஞ்ச. இதுல உன் மேல இன்னா தப்பு?" என்றார் அவர்.

"ரெஜிஸ்டர்ல நான் எழுதியிருக்கேன்பா."

"பெரியவங்க இருக்கற எடத்துல சின்னவ இன்னா பண்ணுவ? எழுதுவ. போய் அதையே சொல்லு. பயப்படாத." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "உன் கெட்டிக்காரத்தனத்துக்குத்தான வேலை நெரந்தரம் பண்ணாங்க? ஊருக்கே லட்டு குடுத்தேன். அது உன்னால வந்தது. இது அவங்களால வந்தது. இதுல கொழம்ப ஒன்னும் இல்ல."

அவர் சொன்னது சமாதானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த லட்டு டப்பாவை அவள்தான் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். 'என் ரிப்போர்ட் இல்லன்னா வண்டியே நகர்ந்திருக்காது' என்று மூன்று வீட்டில் சொன்னாள். கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னாள். ஆனால் சொன்னாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனை எடுத்து சைராவோடு பேசிய பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். பிள்ளைகளின் போட்டோக்கள், ரம்ஜான் வாழ்த்து, 'வரும்போது தயிர் வாங்கிட்டு வா'. அதற்கும் மேலே, மார்ச்சில், சனிக்கிழமை 9.46க்கு ஒரு குரல் செய்தி. பதினோரு நொடி. போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள்.

"எழிலு, சார் போன் பண்ணாரு. பீசை வெளிய எடுத்து வெச்சிட்டேன். நீ மணியெல்லாம் பாக்காத. நீ ஃபினிஷிங் செக்ஷன்லேர்ந்து வந்ததும் ஊற போட்ரு. வண்டி நிக்குதாம்."

மூன்று முறை கேட்டாள். தன்னிடம் ஆதாரம் இருக்கிறது. பொய் சொன்னவள் யார் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். மணி பார்க்காதே என்றவள் அவள்தான். பார்க்காமல் இருந்தது மட்டும்தான் தான் செய்தது என்று எழில் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மாதனூர் சாலையில் பஸ் திரும்பும்வரை அது போதுமானதாக இருந்தது.

*

இஷ்தியாக் அகமதுவின் அறையில் நாற்காலி மூன்று இருந்தும் யாரும் உட்காரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னிக்கு பிரியாணி போட்டப்ப எல்லாரும் முன்னாடி வந்து நின்னீங்க. டீம்னீங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன்னீங்க. இன்னிக்கு இன்னா, செவுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க? பேஜாரா இருக்குப்பா உங்களோட. யாரு எடுத்தது? ஒரே வார்த்தை."

"நான் சீக்கிரம் முடிக்கச் சொன்னேன் பாய். அது என் டியூட்டி," என்றார் ஞானசீலன். "ஓவன்ல கை வெக்கச் சொல்லல."

"நான் அந்தப் பக்கமே போகல," என்றாள் சைரா.

"நீ சொல்லும்மா எழிலரசி."

அவள் போனை மேசைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி, அந்தப் பதினோரு நொடியை ஓடவிட்டாள்.

சைராவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. 'மணியெல்லாம் பாக்காத' என்ற இடத்தில் இஷ்தியாக் கையைத் தூக்கினார். ஆனால் குரல் முடியும்வரை நிற்கவில்லை.

"சாரு போன் பண்ணாருன்னும் வருதே," என்றார் ஞானசீலனைப் பார்த்து.

"போன் பண்ணேன் பாய். நான்தான் சொன்னேனே, சீக்கிரம் முடிங்கன்னு."

"சரி, உங்க கதையை அப்பறம் பாத்துக்கறேன். சைரா, இப்ப இன்னா சொல்ற?"

சைரா அவரைப் பார்க்கவில்லை. எழிலைப் பார்த்தாள். கோபம் இல்லை. புரியாத கணக்கைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"வெச்சிக்கினே இருந்தியா எழிலு? மூணு மாசமா?"

"இல்லக்கா. இன்னிக்குக் காலைலதான்…"

"பரவால்ல." சைரா மூக்கை உறிஞ்சினாள். "ஆமா பாய். நான்தான் எடுத்தேன். சார் சொன்னாரு, எடுத்தேன். புள்ளைங்களை நெனச்சி நேத்து மாத்திச் சொல்லிட்டேன்."

இஷ்தியாக் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. நீயா நின்னுக்கறேன்னு எழுது. வேற எங்கயாவது கேட்டா தப்பா சொல்லமாட்டேன். அவ்ளோதான் என்னால முடியும்." பிறகு எழில் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "உன்ன ஒன்னும் சொல்லப்போறதில்ல. சீனியர் சொன்னா ஜூனியர் இன்னா பண்ணும்? எழுதினது தப்பு. இனிமே பண்ணாத. வேலையைப் பாரு, போ."

முடிந்துவிட்டது. நேற்று மத்தியானத்திலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்தது இதுதான். அப்பாவுக்கு போன் செய்து சொல்லலாம். கேட்டருகே அமிர்தவள்ளி நின்றால் நேராகப் பார்க்கலாம். சைரா நின்றபடியே குனிந்து எழுத ஆரம்பித்தாள். பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தாள். எழில் தன் பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினாள். சைரா வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"கெட்ட நேரம்பா," என்றார் இஷ்தியாக், யாரிடமும் இல்லாமல். ஜன்னல் வழியே ஓடாமல் நின்ற இரண்டு டிரம்மையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கப்பல் வியாழக்கிழமைதான் கெளம்பிச்சி. அஞ்சு நாளு சரக்கு மெட்ராஸ்லயே இருந்துச்சி. இங்கேர்ந்து ஒரு போன் வந்திருந்தா வண்டியைத் திருப்பியிருப்பேன். மறுபடி டிரம்ல போட்டு சரி பண்ணியிருப்போம். ஒரு வாரம் லேட்டு, அவ்ளோதான். வெள்ளைக்காரன் திட்டியிருப்பான், திட்டட்டுமே. ஆனா ஒருத்தருக்கும் தெரியலயே. தெரியாதத யாரு சொல்ல முடியும்?"

சைரா தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

எழில் கதவுவரை போயிருந்தாள். கைப்பிடியில் கை வைத்திருந்தாள். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் போய் மறையும்வரை நின்றாள். பிறகு திரும்பி வந்து, காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் பாய்."

"இன்னா தெரியும்?"

அவள் குரல் எப்போதும் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. இப்போதும் அப்படித்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்று பேருக்கும் கேட்கும்படி மறுபடி ஆரம்பித்தாள்.

"சனிக்கிழமை வந்த ரிசல்ட்டு மேல எனக்கு நம்பிக்கை இல்ல. திங்கட்கிழமை மத்தியானம், நீங்கல்லாம் பிரியாணி சாப்புடும்போது, மீதி இருந்த துண்டை எடுத்து நானே ஓவன்ல வெச்சேன். யாரும் சொல்லல, யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை முழுசா வெச்சேன். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நாலு புள்ளி ஆறு வந்துச்சி. அரை மணி நேரத்துல நெரந்தரம்னு லெட்டர் வந்துச்சி. குடுவையைக் கழுவி வெச்சிட்டு, அதை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போய்ட்டேன்."